செவிலியர் மேற்படிப்பும் ஆராய்ச்சியும்

திருவள்ளுவர் 'மருந்து' என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு அமையாது, அருகிருந்து பேணுவோனையும் நான்காவதாக வைத்து எண்ணியிருக்கின்றார். அதற்கு உரை வகுத்த பரிமேலழகர், அந்நான்கனுள் ஒவ்வொன்றற்கும் நந்நான்கு இயல்பு கூறுமிடத்து, பேணுவோனுக்கு உரியனவாக நோயாளனிடத்து அன்பு, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பவற்றைத் தருகின்றார். இவற்றுள் முதலிரண்டையும் மறுப்பார் ஒருவருமிலர். மூன்றாவதும் நான்காவதும் ஓரிடத்தே கூடியிருத்தல்தான் அரிது. சொல்லியதைச் சொல்லியவாறே செய்பவர்க்கு 'இஃது ஏன்?' என்று கேட்க வேண்டுவதில்லை. அறிவுடையவரோ கேளாதிருக்க மாட்டார். செவிலியர் கல்வியின் வரலாறு முழுவதையும் மூன்றாவதிலிருந்து நான்காவதற்கு நடந்த ஒரு நெடுவழி என்றே யான் கருதுகின்றேன்.

தமிழிலக்கியம் பயிலும் மாணவன் இப்பொருளைப் பற்றி எழுதப் புகுந்தது எற்றுக்கு என நண்பர்கள் வினவக்கூடும். செவிலி என்னும் சொல் எம்முடைய அகப்பொருள் நூல்களின் சொல் என்பது ஒரு காரணம். பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவியின் மேனி வேறுபாட்டைக் கண்டு, 'இவட்கு உற்றது யாது?' எனத் தோழியை வினவுபவள் அச்செவிலியே. உற்றுநோக்கலும் வினவலும் அன்றே அவள் தொழிலாயிருந்தன. மற்றொரு காரணம் என் தமக்கை. அவர் செவிலியர் கல்வியில் முதுகலைப் பட்டம் பெற்று, இப்பொழுது ஒரு கல்லூரியில் இளநிலை ஆசிரியராக இருக்கின்றார். விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகளுக்கு நடுவே எங்கள் வீடு. விடுமுறைதோறும் அங்கே அவரும் யானும் இட்ட வழக்குகளின் பயனே இக்கட்டுரை.

முதலில் வழக்கின் பொருளைக் கூறுவேன். செவிலியர் முதுகலைப் படிப்பு இரண்டாண்டுக் காலத்தது. ஆராய்ச்சி முறையும் புள்ளியியலும் அதில் பாடங்கள். ஒவ்வொரு மாணவியும் தனக்கென ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆய்வேடு எழுதித் தரவும் வேண்டும். அவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியரும் தமக்கென ஆராய்ச்சி செய்யக் கடமைப்பட்டவரே. ஆனால், ஆசிரியரின் ஆராய்ச்சி ஓரிடத்தும் மாணவியின் ஆய்வேடு வேறோரிடத்துமாக, ஒரு கிணற்றில் இரண்டு கயிறுகள் தனித்தனியே தொங்குவது போல நடைபெறுவதே பெரும்பாலும் காணக் கிடக்கின்றது. இவ்விரண்டையும் இணைத்தால் என்ன? ஆசிரியர் தாம் உண்மையாகவே விடை காண விரும்பும் வினா ஒன்றை வகுப்பிற்குக் கொண்டுவந்து, பாடத்தின் பயிற்சிகளையே அவ்வாராய்ச்சியின் படிகளாக அமைத்தால் ஆகாதா? இதுவே வழக்கு.

என் தமக்கையின் ஆய்வேடு கருநீல அட்டையிட்டுப் பொன்னெழுத்துப் பொறித்து எங்கள் வீட்டுப் பரணில் இருக்கின்றது. அறுபது தாய்மாரிடம் குழந்தைக்குப் பாலூட்டுதல் பற்றிச் சில கேள்விகள் கேட்டு, பின்பு பாடஞ்சொல்லி, மீண்டும் அதே கேள்விகளைக் கேட்டு, அறிவு மிகுந்தது என்று கண்டு எழுதியது. பாடஞ்சொன்ன பின் அறிவு மிகாமல் என்ன செய்யும் என்று யான் ஒருநாள் நகையாடினேன். அவர் சினக்கவில்லை. "எனக்கும் அது தெரியும் தம்பி. ஆறு மாதத்தில் முடிக்க வேண்டுமென்றால் வேறு எதை எடுப்பது?" என்றார். அவருடைய வகுப்பில் பன்னிருவர். பன்னிருவரும் பன்னிரண்டு பொருளை எடுத்து, ஒவ்வொருவரும் அறுபது பேரைக் கண்டு, பன்னிரண்டு ஏடுகளைக் கட்டினர். அறுபது பேரிடம் கண்ட ஒரு விகிதத்தை ஊருக்கெல்லாம் பொருத்த முயன்றால், நூற்றுக்கு ஏறக்குறைய 13 இப்பாலோ அப்பாலோ பிழைபட இடமுண்டு. அப்பன்னிருவரும் ஒரே வினாவை ஒரே முறையில் 720 பேரிடம் கேட்டிருந்தால் அப்பிழை நூற்றுக்கு ஏறக்குறைய 4 ஆகச் சுருங்கியிருக்கும். பன்னிரண்டு சிற்றகல்களைப் பன்னிரண்டு அறைகளில் வைத்தோம்; எந்த அறையிலும் எழுத்துத் தெரியவில்லை.

மாணவரின் பாடப்பயிற்சியே ஆசிரியரின் ஆராய்ச்சியாக வளர்ந்த காட்சி நம் நாட்டுக்குப் புதியதன்று. அதற்கு யான் காட்டும் சான்று செவிலியரைச் சார்ந்ததன்று. எனினும் எங்கள் பக்கத்தது. கில்பர்ட் சிலேட்டர் என்பவர் 1915-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். இந்நாட்டின் சிற்றூர்களைப் பற்றிக் கற்பிக்க வந்தவர்க்குச் சிற்றூர்களைப் பற்றிய நூல் இல்லை. அவர் செய்தது யாதெனில், நிலம், கூலி, கடன், உணவு, கால்நடை முதலியவற்றைப் பற்றி நீண்டதொரு வினாத்தாள் வகுத்து, 1916-இல் தம் மாணவர் கையிற் கொடுத்து, தத்தம் ஊர்களை ஆராய்ந்து வருமாறு பணித்தார். அவர்கள் எழுதிக் கொணர்ந்தவற்றைத் தொகுத்து 1918-இல் நூலாக வெளியிட்டார். திருநெல்வேலிப் பக்கத்துக் கங்கைகொண்டான், இராமநாதபுரத்து வடமலைபுரம், தஞ்சைப் பக்கத்துப் பாலக்குறிச்சி, வடார்க்காட்டுத் தூசி, தென்னார்க்காட்டு இருவேல்பட்டு என்னும் ஊர்கள் இவ்வாறு ஏடேறின. எங்கள் விருத்தாசலமும் அவ்விருவேல்பட்டும் அக்காலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தைச் சார்ந்தவை. இன்று ஒன்று கடலூர் மாவட்டத்திலும் மற்றொன்று விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ளன.

மரக்கால் எத்தனை படி என்பதே ஊருக்கு ஊர் வேறுபட்ட காலத்தில், ஓர் ஆங்கிலப் பேராசிரியர் தாமே சென்று கேட்டிருந்தால் என்ன அறிந்திருப்பார்? மாணவருக்கோ அது வீட்டுக் கணக்கு. ஆசிரியரிடம் வினா இருந்தது. மாணவரிடம் ஊர் இருந்தது. இஃதொன்றே அம்முயற்சியின் உயிர்நிலை என்பேன். அதன் பயன் அவ்வாண்டோடு ஒழியவுமில்லை. 1936–37-இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருட்டிணன் என்போர் அவ்வூர்களை மீண்டும் ஆராய்வித்து 1940-இல் நூல் வெளியிட்டனர். அதன்பின்னும் அறிஞர் பலர் அவ்வூர்களுக்குச் சென்றனர்; இருவேல்பட்டை மட்டும் 2008 வரையில் பலமுறை ஆராய்ந்திருக்கின்றனர். ஒரு நூற்றாண்டின் மாறுதலை அளப்பதற்கு முதற்கோல் நட்டவர்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள். அவர்களுள் ஒருவரேனும் இதனை அன்று நினைத்திருப்பாரா?

இனிச் செவிலியர் பக்கம் வருவோம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை விளக்கேந்திய பெருமாட்டி என்று பள்ளிப் புத்தகங்கள் போற்றுகின்றன. 1854-இல் ஸ்குட்டாரி மருத்துவமனைக்குச் சென்ற அவர், விளக்கோடு கணக்கையும் கையில் எடுத்தார் என்பதைக் கூறுவார் சிலரே. போர்வீரருள் காயத்தால் மாண்டவரினும் தடுக்கத்தக்க நோயால் மாண்டவர் பலராதலைத் திங்கள்தோறும் வகுத்து, 1858-இல் வட்டப் படங்களாக வரைந்து காட்டினார். பின்னர் இந்தியாவிலுள்ள படைத்தளங்களுக்கு வினாத்தாள் அனுப்பி, வந்த விடைகளை ஆராய்ந்து, 1863-இல் வெளிவந்த அரசாணைக் குழுவின் அறிக்கைக்குத் துணைசெய்தார். வினாத்தாள் என்பது செவிலித்தொழிலின் தாய்வீட்டுச் சீதனம் என்றே சொல்லலாம்.

நம் நாட்டில் அத்தொழிலைப் பட்டப்படிப்பாக உயர்த்தியோருள் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் முதல்வரிசையினர். எங்கள் தென்னார்க்காட்டைச் சேர்ந்த திண்டிவனத்தில், ஓரிரவில் மூன்று பெண்கள் பேறுகாலத்தில் தக்க உதவியின்றி இறக்கக் கண்டு மருத்துவம் கற்கச் சென்றவர் ஐடா ஸ்கடர் அம்மையார். அவர் 1909-இல் வேலூரில் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். அது 1946-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பட்டம் வழங்கும் கல்லூரியாயிற்று. அதே ஆண்டில் தில்லியிலும் ஒரு கல்லூரி எழுந்தது. பட்டம் வந்தபின் மேற்பட்டம் வந்தது; மேற்பட்டத்தோடு ஆராய்ச்சியும் பாடமாயிற்று.

செவிலியர் கண்ணும் காலும் இல்லையேல் ஆராய்ச்சி நடவாது என்பதற்குச் சென்னைச் சேத்துப்பட்டே போதிய சான்று. காசநோயாளரைத் தனிமருத்துவமனையில் வைத்துத்தான் ஆற்றவேண்டும் என்று உலகம் எண்ணியிருந்த காலத்தில், 1956-இல் அங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. நோயாளரைக் குலுக்கல் முறையில் இருபாலாகப் பிரித்து, ஒருசாராரைத் தனிமருத்துவமனையிலும் ஒருசாராரைத் தத்தம் எளிய வீடுகளிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்தனர். வீட்டிலிருந்தோர்க்கும் ஏறக்குறைய அத்துணை நன்மையே விளைந்தது என்னும் முடிவு 1959-இல் வெளிவந்தது. உலகெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கே மாறியது. அம்முடிவின் பின்னால் யார் நின்றார்? செவிலியரும் சுகாதாரப் பார்வையாளரும் சந்துகளில் நடந்து, முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்று, மாத்திரை எண்ணி, சிறுநீர் சோதித்து, நோயாளி மருந்துண்டானா இல்லையா என்று குறித்த குறிப்புகளே நின்றன.

இனி எங்கள் ஊர். விருத்தாசலத்தில் பீங்கான் தொழிலுக்கென அமைந்த தொழிற்பேட்டையும், அத்தொழிலைப் பட்டயப் படிப்பாகக் கற்பிக்கும் அரசினர் பயிலகமும் உள்ளன. அகல்விளக்கு, பொம்மை, மின்சாரப் பெட்டியில் வைக்கும் பியூஸ் கேரியர், சாடி முதலியன சூளைகளிலிருந்து வெளியூர் செல்கின்றன. வெண்களிமண்ணோடு குவார்ட்ஸ் என்னும் படிகக்கல் மாவும் பெல்ஸ்பார் மாவும் சேர்வன. ஈரமாயிருக்குங்கால் அம்மாவு தீங்கற்றது. அச்சினின்று எடுத்த பொருள் காய்ந்தபின் அதன் விளிம்பைத் தேய்த்துச் சீர்செய்யும்போதும், மாலையில் தரையைத் துடைப்பத்தால் பெருக்கும்போதும் எழுகின்ற நுண்தூளே நுரையீரலின் அடிவரை சென்று தங்குவது. அதனால் வரும் சிலிகோசிஸ் என்னும் நோய்க்கு இன்றுவரை தீர்வு இல்லை, தடுக்கமட்டுமே இயலும். அந்நோயுடையார்க்குக் காசநோயும் எளிதிற் பற்றும். இங்கிலாந்தில் பீங்கான் தொழிலுக்காகச் சிக்கிமுக்கிக் கல்லை உலர அரைத்தவர்கள் மாண்டுபோவது கண்டு, தாமஸ் பென்சன் என்பவர் நீரிலிட்டு அரைக்கும் முறைக்கு 1726-இலேயே காப்புரிமை பெற்றார். நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸ் நோயை அரசுக்கு அறிவித்தே தீரவேண்டிய நோய்களுள் ஒன்றாக வைத்தது. பத்துப்பேருக்கும் குறைவானவர் வேலைசெய்யும் சிறு கொட்டகைகளுக்குள் பொதுவாக அச்சட்டம் நுழைந்ததில்லை.

என் தந்தையார் அத்தகைய கொட்டகை ஒன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் விளிம்பு தேய்த்தவர். அவருக்கு இருமல் உண்டு. ஒரு மருத்துவமனையில் அவருடைய பெயர், வயது, பீடி குடிப்பாரா என்பதெல்லாம் கேட்டுக் குறித்தனர். என்ன வேலை என்று கேட்கவில்லை. நோயாளியிடம் 'உன் தொழில் யாது?' என்னும் கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் இராமசினி எழுதியது 1700-இல். குயவர்களின் நோய்க்கும் அவர் தம் நூலில் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருந்தார்.

இக்கேள்வியைத்தான் என் தமக்கை தம் ஆராய்ச்சியாக எடுத்துக்கொள்ள எண்ணியுள்ளார். சூளைத் தொழிலாளருள் மூச்சுக்குறை உடையார் எத்துணையர், அவர்கள் எவ்வேலை செய்தவர், ஈரத்துணியால் துடைக்கும் வழக்கத்தைக் கொணர்ந்தால் தூசி எவ்வளவு குறையும் என்பன அவருடைய வினாக்கள். தம் முதுகலை வகுப்பு மாணவியரையே பாடத்தின் வழியாக இதில் ஈடுபடுத்த வேண்டுமென்பது அவர் விருப்பம். ஆராய்ச்சி இன்னும் தொடங்கவில்லை. ஆயினும் அதன் முதற்படியில் யான் ஒரு பிழை செய்தேன். அதைச் சொல்லாமல் மேலே செல்லுதல் நேர்மையன்று.

1950-களில் வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஆராய்ந்தோர், மூச்சுக்குறையை அளக்கச் சில எளிய கேள்விகளை வகுத்தனர். சமநிலத்தில் விரைந்து செல்லும்போதோ சிறு மேட்டில் ஏறும்போதோ மூச்சு வாங்குகின்றதா. ஒத்த வயதினரோடு நடக்கையில் பின்தங்குகின்றீரா. தன் போக்கில் நடக்கும்போதே மூச்சுக்காக நிற்க நேர்கின்றதா என இவ்வாறு அவை ஒன்றினொன்று கடுமையாகச் செல்வன. தமக்கை ஆங்கிலத்திலிருந்த தாளை என்னிடம் தந்து, "நீதான் தமிழ் படிக்கிறாயே, இதைத் தமிழாக்கித் தா" என்றார். யானும் நிகண்டும் அகராதியும் பரப்பிக்கொண்டு மூன்றிரவு முயன்று, 'தங்கட்குச் சிற்றேற்றங்களில் சுவாசத்தடை நேர்வதுண்டோ?' என்பது போன்ற வாக்கியங்களைச் சமைத்தேன். சந்தி பிழையில்லை, ஒருமை பன்மை மயக்கமில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்தபின் அத்தாளைத் தந்தையார்மேல் சோதித்தேன்.

"அதெல்லாம் எனக்கு ஒண்ணும் கிடையாதுப்பா" என்றார்.

அடுப்படியிலிருந்து தாயார் கேட்டார்: "அப்போ நேத்து ஸ்டேஷன் மேம்பாலத்துல ரெண்டு தடவ ஏன் நின்னீங்க?"

"அது, இளைப்பு வாங்குச்சு. நின்னேன். எல்லாரும்தான் நிக்கிறாங்க."

என் தாளில் அவர் மூச்சுக்குறை இல்லாதவர். தாயார் கணக்கில் அவர் இருமுறை நின்றவர். எது ஆராய்ச்சி? 'சுவாசத்தடை' என்பது அவருக்கு மருத்துவர் வாயிலிருந்து வரும் பெரிய நோயின் பெயர். தமக்கு உள்ளது 'இளைப்பு'. அதனை அவர் நோயென்றே எண்ணவில்லை. இன்னொன்றையும் தமக்கை அப்பொழுது கண்டுபிடித்தார். விருத்தாசலம் என்றால் பழமலை. திருமுதுகுன்றம் என்பது அதன் பழைய பெயர். பெயரெல்லாம் மலையும் குன்றுமாயிருக்க, ஊருக்குள் ஏறுதற்கு ஒரு மேடும் இல்லை! வேல்ஸ் நாட்டுக் குன்றைப் பற்றிய கேள்வியை இங்கே கேட்டால், மேடேறாதவன் இளைக்காதவனாகிவிடுவான். ஆகவே அக்கேள்வியில் குன்றை எடுத்துவிட்டு, இரயில் நிலையத்து நடைமேம்பாலத்தின் படிகளை வைப்பது என்று தீர்மானித்தார். அவ்வாறு மாற்றிய கேள்வி பழைய கேள்வியையே அளக்கின்றதா என்பதைத் தனியே சோதிக்கவேண்டும் என்பதையும் அவரே எனக்கு விளக்கினார்.

ஒரு வகுப்பு முழுவதும் செய்யத்தக்க வேலை இங்கேதான் விளைகின்றது. மாணவியருள் இருவர் வினாக்களைத் தமிழாக்க, மூலத்தைக் காணாத வேறிருவர் அத்தமிழை மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட்டால் எங்கே பொருள் நழுவியது என்பது தெரியும். வேறு சிலர் தொழிலாளர் வீடுகளில் உட்கார்ந்து, இளைப்பு, வாங்கல், மூச்சிரைப்பு, நெஞ்சடைப்பு என்பவற்றை அவர்கள் எவ்வெப்பொருளில் வழங்குகின்றனர் என்று கேட்டெழுதலாம். ஆராய்ச்சிமுறைப் பாடத்தில் 'கருவியின் செல்தகைமை' என்று நெட்டுருச் செய்யும் தலைப்பு இதுவே. நெட்டுருச் செய்தவள் தேர்வு மறுநாள் மறப்பாள். ஒருவருடைய 'இல்லை' என்னும் விடை தன் சொல்லால் விளைந்த பொய் என்று கண்டவள் மறவாள். யான் மறக்கவில்லை.

இருவர் ஒருவரையே பார்த்து ஒரே விடையைக் குறிக்கின்றனரா என்பதும் அவ்வகுப்பில் ஆராயத்தக்கது. எம் துறையில் இதற்கு நிகரான தொழில் ஏடு ஒப்புநோக்கல். ஒருவர் ஓலையைப் படிக்க மற்றொருவர் வேறோர் ஓலையில் விரல் வைத்துச் செல்வார். வேறுபட்ட இடத்தில் இருவரும் நிற்பர். செவிலியரிடம் இது கணக்காகவே வளர்ந்துள்ளது. நூறு பேரைக் கண்ட இருவர் ஒவ்வொருவரும் தொண்ணூறு பேருக்கு 'உண்டு' என்று எழுதினால், கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தாலும் 82 பேரளவில் இருவரும் ஒத்திருப்பர். ஆதலின் தற்செயலாய் வரும் ஒற்றுமையைக் கழித்தபின் எஞ்சுவதையே மதிக்கவேண்டும் என்று ஜேக்கப் கோஹன் என்பவர் 1960-இல் ஓர் அளவை வகுத்தார். நிறுத்தக்குறி வேறுபாடுகளையெல்லாம் கழித்து மெய்யான பாடபேதத்தை மட்டும் எண்ணும் பதிப்பாசிரியருக்கு இது விளங்காமற் போகாது.

இனி இம்முறையின் இடர்களைக் கூறவேண்டும். தமக்கையும் யானும் உடன்படாத இடம் இதுதான்.

முதலாவது, மதிப்பெண் கொடுப்பவரும் ஆராய்ச்சியின் தலைவரும் ஒருவரே. 'நான் இவ்வாராய்ச்சியில் சேரேன்' என்று ஒரு மாணவி சொல்லக்கூடுமா? சொல்லலாம் என்று தாளில் எழுதிவைத்தாலும் அவள் வாய் திறக்குமா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட அறநெறிக் குறிப்புகள், பிறர்க்குக் கீழ்ப்பட்ட நிலையிலுள்ள மாணவரையும் ஊழியரையும் தனிக்காப்பு வேண்டுவோராக எண்ணுகின்றன. மாணவியரையே ஆராய்ச்சிக்குப் பொருளாக்கும்போது அக்காப்பு பொருந்தும் என்றும், அவர்கள் உடனாராய்பவராய் இருக்கும்போது அத்துணை அச்சம் வேண்டா என்றும் தமக்கை கூறுகின்றார். யான் ஒப்பவில்லை. அதே பயனைத் தரும் வேறொரு பயிற்சியை, ஒரே மதிப்பெண்ணுக்கு, முதல் நாளிலேயே எதிரில் வைத்தாலன்றி அங்கே விருப்பம் என்பதற்கு இடமேது?

இரண்டாவது, காலம். அறநெறிக் குழுவின் அனுமதிக்குச் செல்லும் காலத்துக்குள் பருவம் முடிந்துவிடும். ஆதலால் ஆசிரியர் முன்னரே அனுமதி பெற்றுவைத்து, மாணவியர் பெயரையும் வேலையையும் அதில் சேர்த்தல் வேண்டும். அனுமதிக்கு முன் பயிற்சிக்காகக் கேட்ட விடைகளைப் பின்னர் ஆராய்ச்சியில் நுழைத்தல் கூடாது. இதில் இருவரும் ஒன்றுபட்டோம்.

மூன்றாவது, பெயர். பன்னிரு மாணவியர் வெயிலில் நடந்து சேர்த்ததைக் கட்டுரையாக்கி, அடியில் ஒருவரியில் 'மாணவியர்க்கு நன்றி' என்று முடித்தல் வழக்கம். விடை சேர்த்தது மட்டும் நூலாசிரியராதற்குப் போதாது, எழுத்திலும் ஆய்விலும் பங்கு வேண்டும் என்பது மருத்துவ ஏடுகளின் விதி. அவ்வாறாயின் எழுதும் பங்கையும் வகுப்பிலேயே பகிர்ந்து கொடுப்பது ஆசிரியரின் கடன். விதியைக் காட்டிப் பெயரை விலக்குவது எளிது. யார் எது செய்தால் யார் பெயர் எங்கே வரும் என்பதை முதல் வகுப்பிலேயே எழுதிவைக்க வேண்டும் என்றேன். தமக்கை சிறிது நேரம் வாளாவிருந்து, "என் ஆய்வேட்டின் பகுதி ஒன்றும் கட்டுரையாக வந்தது. அதில் என் பெயர் இல்லை" என்றார். அது நாள்வரை அவர் அதை வீட்டில் சொன்னதில்லை.

இவற்றினும் பெரிய இடர் தொழிலாளர்க்கு உரியது. விடையெழுதும் மாணவிக்கு இது பாடம். விடை சொல்பவனுக்கோ நாட்கூலி. இன்னார் நோயுற்றார் என்று முதலாளிக்குத் தெரிந்தால் நாளை வேலையில்லை. 1847-இல் வியன்னா நகரத்து மகப்பேற்று மனையில், மருத்துவ மாணவர் பயின்ற பகுதியிலே தாய்மார் மிகுதியாக இறந்ததையும், மருத்துவச்சிகள் பயின்ற பகுதியிலே குறைவாக இறந்ததையும் ஆராய்ந்த செம்மல்வைஸ், பிண அறையிலிருந்து வந்த மாணவரின் கழுவாத கைகளே காரணமென்று கண்டார். கற்பவரின் கை தூயதென்று எண்ணிவிடலாகாது. சூளைக்குச் செல்லும் மாணவியின் கையிலுள்ள தாளும் அத்தகையதே. பெயரெழுதாமல், எண்ணிட்டு, பூட்டி வைக்கப்படாவிடின் அது ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைக்கும். அன்றியும், நோய்க்குறி கண்டவரை எழுதிக்கொண்டு வெறுங்கையோடு திரும்புதலும் கூடாது. அவரை எங்கே அனுப்புவது, மார்பு நிழற்படம் யார் எடுப்பது என்பவற்றை வகுப்புத் தொடங்குமுன்பே ஏற்பாடு செய்திருக்க வேண்டும்.

தமக்கையின் திட்டம் இப்பொழுது அவருடைய கல்லூரிக் குழுவின் முன்னர் உள்ளது. வினாத்தாளை மூன்றாம் முறையாகத் திருத்திவிட்டோம். இம்முறை யான் எழுதவில்லை. தாயார் சொல்லச் சொல்லத் தமக்கை எழுதினார். யான் எழுத்துப்பிழை மட்டும் பார்த்தேன். 'மேம்பாலப் படியேறும்போது நடுவில் நிற்பீர்களா? எத்தனாவது படியில்?' என்பது அதில் நான்காவது கேள்வி. சென்ற கிறிஸ்துமசு விடுமுறையில் தந்தையாரோடு இரயில் நிலையத்துக்குச் சென்றபோது அக்கேள்வியை யான் கேட்கவில்லை. பின்னே நடந்து, படிகளை மனத்துள் எண்ணிக்கொண்டே சென்றேன். பதினான்காம் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றவர், வண்டி வருகின்றதா என்று பார்ப்பதுபோலத் தண்டவாளத்தை நோக்கினார்.